உடைந்ததும் உடைத்ததும்: கந்தளாய்க் குள அழிவும் அதனைக் கூறும் மொழியும்

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்திலுள்ள கந்தளாய்க் குளத்தின் கரை 1986 ஏப்பிரல் 20ஆம் நாள் அதிகாலை மூன்று மணியளவில் உடைந்தது. ஏறத்தாழ 14,000 அடி நீளமும் 50 அடி உயரமும் கொண்ட மண்கரை அது. ஊர் உறங்கிக்கொண்டிருந்த வேளையில் குளத்து நீர் கீழுள்ள குடியிருப்புகள்மீது பாய்ந்தது. இறந்தோர் தொகையை 120 என்பாரும் உளர். 180 என்பாரும் உளர். 1,600க்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. 2,000 ஏக்கர் நெல்வயல் பாழாயிற்று. 8,000க்கு மேற்பட்ட குடும்பங்கள் பாதிப்புற்றன. கரை மறு ஆண்டிலேயே மீளக் கட்டப்பெற்றது.

மேலேயுள்ள முதற்றொடரில் ‘கரை உடைந்தது’ என்று எழுதினோம். தமிழில் இதனை வேறுவகையாக எழுதுவது அரிது. ‘அழிந்தன’, ‘பாழாயிற்று’ என்பனவும் அவ்வாறே தாமாக வந்து அமைந்தவை. இத்தொடர்களில் நீருண்டு, கரையுண்டு, வயலுண்டு. வினைமுதலாக மாந்தர் ஒருவர் இல்லை. உடைப்பு ஒன்று நேர்ந்தபின் எழும் வினாவோ மாந்தரைப் பற்றியது. கரையைக் காக்க வேண்டியவர் யார், கதவைத் திறக்க வேண்டியவர் யார், எச்சரிக்க வேண்டியவர் யார் என்பதே அவ்வினா. தமிழில் நீர்நிலை உடைப்பைக் கூறும் சொற்களும் தொடர்களும் இவ்வினாவை எவ்வாறு எதிர்கொண்டுள்ளன என்பதைக் கந்தளாயையும் வேறு சில நிகழ்ச்சிகளையும் கொண்டு இக்கட்டுரை நோக்க முற்படுகிறது. விசாரணை அறிக்கைகளையும் சட்டங்களையும் மொழிபெயர்ப்போர்க்கு இது வெறும் இலக்கணச் செய்தியன்று.

கந்தளாய்: பெயரும் உரிமையும்

கந்தளாய் இருமொழி நிலத்திலுள்ள குளம். அதன் தோற்றத்தைப் பற்றிய மரபுகளும் இரண்டு. பாலி மொழியிலமைந்த சூளவம்சம் இரண்டாம் அக்கபோதி மன்னன் அமைத்ததாகக் கூறும் குளங்களுள் ஒன்றைக் கந்தளாயுடன் ஆய்வாளர் பொருத்துவர். தமிழ் மரபோ குளத்தைக் குளக்கோட்டனுக்கு உரியதாக்கும். கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் திருக்கோணேச்சரத் திருப்பணியோடும் அக்கோயிலின் வயல்களோடும் கந்தளாயை இணைக்கிறது. குளமும் கோட்டமும் அமைத்தவன் ஆதலின் குளக்கோட்டன் எனப் பெயர் பெற்றான் என்பது வழக்கமான விளக்கம். இது பெயரிலிருந்து பிறந்த கதையா, கதையிலிருந்து பிறந்த பெயரா என்பது தனியே ஆராயத்தக்கது. ஆயினும் கோயிலும் குளமும் ஒரே திருப்பணியின் இரு கூறுகள் என்னும் எண்ணம் அச்சொல்லில் உறைந்துள்ளமை தெளிவு.

கதைகளைவிடக் கல் உறுதியானது. கந்தளாய்ப் பகுதியிலுள்ள பளமோட்டைத் தமிழ்க் கல்வெட்டு முதலாம் விசயபாகுவின் ஆட்சிக்காலத்தது. கந்தளாய்க்கு விசயராச சதுர்வேதிமங்கலம் என்னும் மறுபெயர் இருந்ததை அது காட்டுகிறது. அங்கிருந்த சிவன் கோயிலுக்குப் பிராமணப் பெண் ஒருத்தி செய்த அறக்கட்டளையையும், அதனைக் காக்கும் பொறுப்பு வேளைக்காரப் படையினரிடம் விடப்பட்டதையும் அது கூறுகிறது. சிங்கள மன்னனின் ஆட்சியாண்டு, தமிழ் மொழி, பிராமணர் ஊர், வேளைக்காரரின் காவல் என்று ஒரே கல்லில் இத்தனையும் காணப்படுகின்றன. ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்னரே அக்குளத்தின் கீழ் வாழ்ந்தோர் ஒரு மொழியினர் அல்லர், ஒரு தொழிலினரும் அல்லர்.

1986இல் நிலைமை வேறு. இன மோதல் முற்றியிருந்த ஆண்டுகள் அவை. திருகோணமலை மாவட்டம் அம்மோதலின் நடுவில் இருந்தது. அத்தகைய சூழலில் ஒரு பெருங்குளம் நள்ளிரவுக்குப்பின் உடைந்தால் ‘உடைந்ததா, உடைக்கப்பட்டதா?’ என்று கேட்பது இயல்பே. இரு தொடர்களுக்கும் இடையிலுள்ள எழுத்து வேறுபாடு சிறிது. அதில் தங்கியிருந்த உயிர்களோ பல. பின்னாளில் உடைப்பின் காரணங்களாகக் கூறப்பட்டவற்றுள் முதன்மையானது, கனமான ஊர்திகள் கரைமீது ஓட்டிச் செல்லப்பட்டமையாகும். இங்கும் ஒரு வினைமுதல் உண்டு. அது பகைவர் அல்லர். அன்றாடம் அவ்வழியே போன ஊர்திகள், அவற்றைப் போகவிட்டவர்கள்.

உடை என்னும் வினை

தமிழில் ஒரே வேர் மெல்லின, வல்லின வேறுபாட்டால் தன்வினையாகவும் பிறவினையாகவும் வருதல் மாணவரும் அறிந்ததே. உடைகிறது, உடைந்தது, உடையும் என்பது ஒரு வாய்பாடு. உடைக்கிறது, உடைத்தது, உடைக்கும் என்பது மற்றொன்று. முறிந்தது, முறித்தது, சிதைந்தது, சிதைத்தது, அழிந்தது, அழித்தது என்பனவும் இவ்வகையின. அழிவைக் குறிக்கும் வினைகளுட் பல இவ்வாறு இணைகளாக அமைந்துள்ளன. எனவே அழிவைப் பற்றிப் பேசும் தமிழர் ஒவ்வொரு முறையும் ஒரு பக்கத்தைத் தேர்ந்தே ஆக வேண்டும். ஆங்கிலத்தில் ‘பிரேக்’ என்னும் வினை இரு பக்கமும் நிற்கும். தமிழ் அவ்வாறு நிற்க விடாது.

தேர்வு இரண்டோடு முடிவதுமில்லை. ‘உடைந்துபோயிற்று’ என்பதில் வரும் ‘போ’ என்னும் துணைவினை, நேர்ந்தது விரும்பத்தகாதது, நம் கையை மீறியது என்னும் குறிப்பைத் தரும். ‘உடைந்துவிட்டது’ முடிந்த முடிபைச் சொல்லும். ‘உடைத்துக்கொண்டது’ என்பது விந்தையானது. வடிவத்தில் அது பிறவினை. ஆனால் ‘கொள்’ சேர்ந்ததும் செயல் செய்தவனிடமே திரும்புகிறது. ‘ஏரி உடைத்துக்கொண்டது’ என்று பேச்சில் கூறும்போது ஏரி தன்னைத்தானே உடைத்துக்கொண்ட ஒரு பிராணிபோல் ஆகிவிடுகிறது. கயிற்றை அறுத்துக்கொண்டோடும் மாட்டின் நினைவு அதில் உண்டு. தமிழ்த் துணைவினைகளை விரிவாக ஆராய்ந்த இ. அண்ணாமலை முதலியோர் ‘கொள்’ என்பதன் இத்தகைய பொருள் நுட்பங்களை விளக்கியுள்ளனர்.

ஈழத் தமிழில் பெருவழக்கினதான ‘குளம் உடைப்பெடுத்தது’ என்னும் தொடர் இவை அனைத்தினும் நுட்பமானது என்று கருதலாம். தமிழகத்திலும் இது வழங்குவதுண்டு. எனினும் ஈழச் செய்தித்தாள்களில் இதுவே நிலையான மரபு. பசியெடுத்தது, வலியெடுத்தது என்னும் தொடர்களோடு இதனை ஒப்பிட்டால் பொருள் விளங்கும். இவற்றில் ‘எடு’ என்பது உள்ளிருந்து தொடங்கி வெளிப்படும் ஒரு நிலைமாற்றத்தைக் குறிக்கிறது. பசி வெளியிலிருந்து வருவதில்லை. உடைப்பும் அவ்வாறே குளத்தின் உள்ளிருந்து எழுகின்ற நோயாகச் சொல்லப்படுகிறது.

மண்கரைகள் உடையும் முறையை அறிந்தோர் இது வெறும் சொல்லழகு அன்று என்பதை ஒப்புவர். மண்ணணை பெரும்பாலும் இரு வழிகளில் கெடும். நீர் கரையின் உச்சிக்கு மேலே வழிந்து மறுபுறச் சரிவை அரித்துச் செல்வது ஒன்று. கரையின் உள்ளே கசிந்து செல்லும் நீர் நுண்மண்ணைத் தன்னோடு சிறுகச் சிறுக எடுத்துச் சென்று, ஒரு சுரங்கம் போன்ற வழியை உண்டாக்கி, ஒருநாள் கரையை உட்சரியச் செய்வது மற்றொன்று. பொறியாளர் இதனைப் ‘பைப்பிங்’ என்பர். உள்ளரிப்பு என்று தமிழாக்கலாம். கசியும் நீர் தெளிவாயிருக்கும் வரை அச்சமில்லை, கலங்கி வந்தால் கரையின் மண் போகிறது என்று பொருள். நண்டு வளையும் எலி வளையும் கரைக்குக் கேடு என்பதை உழவர் நன்கறிவர். மதகைச் சூழ்ந்த இடமே உள்ளரிப்புக்குப் பெரிதும் ஆட்படுவது. கல்லும் மண்ணும் சேருமிடத்தில் நீர் வழி தேடும்.

இங்கு ஓர் இடைக்குறிப்பு. நீரை நிறுத்தும் ‘கரை’ என்னும் பெயரும், நீரில் இளகிப்போதலைக் குறிக்கும் ‘கரை’ என்னும் வினையும் ஒலியில் ஒன்று. இரண்டும் ஒரு வேரின என்று வாதிடச் சான்றில்லை. ஆனால் கரை கரைந்தது என்று சொல்ல நேரும்போது தமிழ் தற்செயலாக ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறது.

சொற்களின் நில வேறுபாடு மொழிபெயர்ப்பாளர்க்குத் தொல்லை தருவது. தமிழகத்தில் கலிங்கு என்பது தென்மாவட்டங்களில் மறுகால். ஈழத்தில் அது வான். ‘குளம் வான் பாய்கிறது’ என்று படிக்கும் தமிழக வாசகர் வானத்தை நினைத்துக் குழம்புவர். மதகு ஈழத்தில் துரிசு எனப்படும். ஏரி, கண்மாய், தாங்கல், ஏந்தல் என்று தமிழகம் பலவாகப் பகுப்பதை ஈழம் குளம் என்னும் ஒரு சொல்லில் அடக்கும். கந்தளாயைக் கண்மாய் என்றோ ஏரி என்றோ பெயர்த்தால் பொருள் பிழையில்லை, ஊர் மாறிவிடும்.

பங்கிட்ட கரை

முற்காலத் தமிழர் உடைப்புக்கு வினைமுதல் தேடவில்லை என்று மேற்கூறியவற்றால் முடிவு செய்தல் தவறாகும். அவர்கள் தேடியது உடைத்தவனை அன்று, அடைக்க வேண்டியவனை. உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் காட்டும் ஏரி வாரியமும், ஏரிப் பராமரிப்புக்கென ஒதுக்கப்பட்ட ஏரிப்பட்டி நிலமும், ஏரி ஆயமும் அப்பொறுப்பின் வடிவங்களே.

பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடலை இந்நோக்கில் படித்தல் பயன் தரும். வையை பெருகிக் கரை உடைகிறது. மன்னன் உடைப்பை அடைக்கும் வேலையை மதுரைக் குடிகளுக்கு அளந்து பங்கிடுகிறான். ஆள்துணையற்ற வந்தி என்னும் கிழவிக்கும் ஒரு பங்கு விழுகிறது. கூலியாளாக வந்த இறைவன் அவள் பங்கை அடைக்காமல் உதிர்ந்த பிட்டைத் தின்று விளையாட, அவன் மேல் விழுந்த பிரம்படி எல்லார் மேலும் படுகிறது. பக்திச் சுவையை விலக்கி நோக்கினாலும் கதையின் அடித்தளம் தெளிவாக நிற்கிறது. கரை முழுவதும் அளந்து பங்கிடப்பட்டுள்ளது. ஒரு பங்கு அடைபடாவிட்டால் ஊருக்கே கேடு. ஒருவன் மேல் விழும் அடி எல்லாருக்கும் உரியது. வெள்ளத்தை வருவித்தவன் இறைவனே என்பதும், அதற்காக அவனை யாரும் வினவுவதில்லை என்பதும் கருதத்தக்கன.

இப்பங்கீடு புராணத்தோடு நிற்கவில்லை. குடிமராமத்து என வழங்கிய ஊர்ப்பணியை 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் எழுத்தில் ஏற்றது. கரை உடையும் இடர் நேர்ந்தால் ஊராரைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்க அச்சட்டம் அதிகாரிகளுக்கு உரிமை தந்தது. வந்திக்கு விழுந்த பங்கு ஆங்கிலச் சட்டத்தில் புகுந்துவிட்டது; இறைவன் கூலியாளாய் வருவதற்கு மட்டும் அதில் இடமில்லை.

உடையாத இரவையும் தமிழர் நினைவில் வைத்தனர். மதுராந்தகத்து ஏரி காத்த இராமர் கோயில் அதற்குச் சான்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் செங்கற்பட்டுப் பகுதியின் ஆட்சியராயிருந்த லயோனல் பிளேசு, மழையிரவில் ஏரிக்கரையில் வில்லேந்திய இருவர் காவல் நிற்கக் கண்டார் என்பது கதை. கரை நின்றது, தாயார் சந்நிதித் திருப்பணியை அவர் நிறைவேற்றினார். ‘காத்த’ என்னும் பெயரெச்சத்தில் வினைமுதல் ஐயமின்றி இருக்கிறது. காப்பதற்குத் தமிழில் ஆள் உண்டு, உடைவதற்குத்தான் இல்லை.

நீதிமன்றத்தில் இவ்வினா தெளிவாக எழுந்தது கார்வேட்டிநகர வழக்கில். அன்றைய வட ஆர்க்காட்டுப் பகுதியைச் சேர்ந்த அந்தச் சமீன்தாரின் ஏரிகள் பெருமழையில் உடைந்து சென்னை இரயில்வேக் குழுமத்தின் பாலங்களை அழித்தன. குழுமம் இழப்பீடு கேட்டது. இங்கிலாந்தில் இரைலண்ட்சுக்கும் பிளெட்சருக்கும் இடையே நிகழ்ந்த வழக்கில் 1868இல் பிரபுக்கள் சபை ஒரு நெறியை நிறுவியிருந்தது. தன் நிலத்தில் நீரைத் தேக்குபவன், அது வெளியேறிப் பிறர்க்குக் கேடு செய்தால், கவனக்குறைவு இருப்பினும் இல்லாவிடினும் பொறுப்பாவான் என்பது அதன் சாரம். அந்நெறியே இங்கும் செல்லும் என்று குழுமம் வாதிட்டது. 1874இல் பிரிவி கவுன்சில் அதனை ஏற்கவில்லை. ஏரிகள் ஒருவன் தன் நலத்துக்காகச் செய்த புதுமை அல்ல, நாட்டின் தொன்மையான பாசன முறையின் பகுதி, அவற்றைக் காப்பது சமீன்தாரின் விருப்பமன்று கடமை என்று அது கருதியது. எனவே கவனக்குறைவு மெய்ப்பிக்கப்பட்டாலன்றி அவர் பொறுப்பாகார் என்று தீர்ப்பாயிற்று.

இத்தீர்ப்பு இந்திய நீர்நிலைகளை ஆங்கிலேயர் புரிந்துகொண்ட அரிய தருணங்களுள் ஒன்று என்று பாராட்டுவாருண்டு. அது உண்மையே. எனினும் அதன் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். ‘ஏரி உடைந்தது’ என்னும் தன்வினைக்கு அத்தீர்ப்பு சட்ட மதிப்பைத் தந்தது. அதனை ‘உடையவிட்டனர்’ என்று மாற்றும் சுமை இழந்தவர்மேல் விழுந்தது. இரயில்வேக் குழுமத்தால் அச்சுமையை ஏந்தி இலண்டன் வரை செல்ல முடிந்தது. கரைக்குக் கீழே குடிசையை இழந்தவன் எங்கே செல்வான்?

குடகனாறும் ஒரு வேற்றுமை உருபும்

தமிழகத்தில் அண்மைக் காலத்தே நிகழ்ந்த அணை உடைப்புகளுள் பொறியியல் நூல்களில் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது குடகனாற்று அணை. கொடவனாறு, கொடகனாறு, குடகனாறு என்று பெயர் பலவாறு எழுதப்படும். ஆங்கில நூல்களை மட்டும் நம்பி மீளத் தமிழாக்குவோர் ‘கோடகனார்’ என்றெழுதி, ஆற்றை ஒரு பெரியவராக்கிவிடுவதும் உண்டு. திண்டுக்கல் மாவட்ட வேடசந்தூர்ப் பகுதியில், அமராவதியில் சென்று சேரும் இவ்வாற்றின் குறுக்கே அமைந்த மண்ணணை அது. ஆற்றுப்படுகைக்கு மேல் உயரம் 11.45 மீட்டர், கொள்ளளவு 12.3 மில்லியன் கன மீட்டர். வெள்ளத்தை வெளியேற்ற ஐந்து செங்குத்துக் கதவுகள் இருந்தன. நொடிக்கு 1,275 கன மீட்டர் வெளியேறக் கணக்கிட்டிருந்தனர்.

1977 நவம்பர் 12 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கரை கடந்த புயல் உள்நாட்டு மாவட்டங்களில் பெருமழையைக் கொட்டியது. புதிதாகக் கட்டப்பெற்றிருந்த குடகனாற்று அணையை அந்த நவம்பர் வெள்ளம் அழித்தது. கதவுகளை உரிய நேரத்தில் உயர்த்தத் தொடங்கினர். ஆனால் மின்சாரம் நின்றுபோனமையால் ஓரளவே உயர்த்த முடிந்தது. மாற்று மின்னாக்கி விரைவில் இயக்கப்பட்டும் பயன்படவில்லை. பின் கைகளால் உயர்த்த முயன்றனர். நீர் கரைக்கு மேலே வழிந்து அருவிபோல் பின்சரிவில் விழுந்து அரித்தது. 20 மீட்டர் முதல் 200 மீட்டர் வரையான உடைப்புகள் பல இடங்களில் காணப்பட்டன.

இந்நிகழ்ச்சியைத் தமிழில் ஒரு தொடரில் சொல்ல வேண்டுமானால் ‘கதவு திறக்கவில்லை’ என்போம். ‘உடை’ என்பதற்கு மாறாகத் ‘திற’ என்னும் வினை தன்வினைக்கும் பிறவினைக்கும் ஒரே வடிவத்தைக் கொண்டது. கதவு திறந்தது; கதவைத் திறந்தான். அஃறிணைச் செயப்படுபொருள் இரண்டாம் வேற்றுமை உருபின்றியும் வருமாதலின், ‘கதவு திறக்கவில்லை’ என்பது கதவு தானாகத் திறந்துகொள்ளவில்லை என்றும் பொருள்படும். பொறுப்பாளர் கதவைத் திறக்கவில்லை என்றும் பொருள்படும். முன்னது பொறியின் குறை, பின்னது ஆளின் குறை. ஒரு விசாரணைக் குழு பல மாதம் அமர்ந்து தீர்க்க வேண்டிய சிக்கல் ‘ஐ’ என்னும் ஓரெழுத்து உருபில் அடங்கிக் கிடக்கிறது. குடகனாற்றில் கைகளால் கதவை உயர்த்த முயன்றவர்கள்மீது, உருபு தொகாமல் எழுதப்பட்ட ஒரு தொடர் பெரும் அநீதியை இழைத்துவிடக் கூடும். அவர்கள் திறந்தார்கள், கதவுதான் திறக்கவில்லை.

செயப்படுபொருளைச் செய்தது போலக் கூறும் வழக்குத் தமிழில் உண்டென்பதைத் தொல்காப்பியர் வினையியலில் குறித்துள்ளார். திண்ணையை மெழுகியதைத் திண்ணையே மெழுகியதுபோலச் சொல்லும் வழக்கை உரையாசிரியர்கள் இதற்கு எடுத்துக்காட்டுவர். திண்ணை வரையில் இவ்வழக்கால் தீங்கில்லை. அணை வரையில் சென்றால் தீங்குண்டு.

அண்டை மொழிகள்

இது தமிழின் தனிக்குறை என்று எண்ண வேண்டா. மராத்தியில் ‘புட்ணே’ தன்வினை, ‘போட்ணே’ பிறவினை. 1961 சூலை 12இல் பான்சேத் அணை உடைந்து, அதன் வெள்ளத்தால் கீழிருந்த கடக்வாசுலா அணையும் உடைந்து புனே நகரம் மூழ்கியபோது, நிகழ்ந்தது ‘புட்ணே’ எனவே சொல்லப்பட்டது. குசராத்தியில் ‘தூட்வும்’, ‘தோட்வும்’ என்னும் இணை உண்டு. அங்கு 1979 ஆகத்து 11இல் மச்சு ஆற்றின் இரண்டாம் அணை உடைந்து மோர்வி நகரை அழித்தது. இறந்தோர் ஈராயிரத்துக்கும் குறைவு என்னும் கணக்கும், இருபதாயிரத்துக்கு மேல் என்னும் கணக்கும் நிலவுகின்றன. விசாரணை ஆணையம் தன் பணியை முடிக்குமுன்னரே கலைக்கப்பட்டது. உத்பல் சந்தேசராவும் தாம் வூட்டனும் 2011இல் இது குறித்து எழுதிய நூலின் தலைப்பு, பேசுவதற்கு நா இருந்தவர் எவருமில்லை என்னும் பொருளது. அங்கு வினைமுதல் இல்லாத தொடரை இலக்கணம் ஆக்கவில்லை, அரசாணை ஆக்கியது.

கந்தளாய்க்கு மிக நெருங்கிய மொழியான சிங்களம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. அம்மொழி வினைகளை எண்ணிச் செய்வன, எண்ணாது நேர்வன என்று உருவத்திலேயே பிரிக்கும். கரை உடைந்ததைச் சொல்லும் ‘கெடுணா’ என்பது எண்ணாது நேர்ந்ததன் வடிவம். எனவே கந்தளாயின் இரு மொழியினரும் தத்தம் இழப்பைச் சொன்னபோது, ஒரே வகையான இலக்கணப் புலம்பலையே புலம்பினர் எனலாம்.

மலையாளத்தில் ‘பொட்டுக’, ‘பொட்டிக்குக’ என்னும் இணை வழங்குகிறது. அணை பொட்டும், குழாய் பொட்டும், மலையும் பொட்டும். ‘உருள்பொட்டல்’ என்னும் மலையாளச் சொல்லைத் தமிழ்ச் செய்தித்தாள்கள் ‘நிலச்சரிவு’ என்றே பெயர்க்கின்றன. 2024 சூலை 30இல் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் அழிந்தபோதும் அவ்வாறே எழுதின. சரிதலில் நிலம் மட்டுமே இருக்கிறது. பொட்டலிலோ, மலைக்குள் தேங்கிய நீர் கரையை உடைப்பதுபோல் மலையை உடைத்துக்கொண்டு மண்ணும் பாறையுமாக வருவது இருக்கிறது. அகத்தியமலையின் மேற்கு அடிவாரத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்துப் போனக்காடு போன்ற தேயிலைத் தோட்டங்களில் தமிழர் குடும்பங்கள் மலையாளச் சூழலில் தலைமுறைகளாக வாழ்கின்றன. அம்மலைகளின் நீரைப் பெறும் கரமனையாற்றில் 1983 முதல் பேப்பாறை அணை நிற்கிறது. அதன் கீழே நகரம். மேலே மலை பொட்டும், கீழே அணை பொட்டும் என்று ஒரே வினையால் சொல்லவல்ல மலையாளம் இரு பேரிடர்களின் உறவைக் காண்கிறது. நம் ‘நிலச்சரிவு’ அதனை மறைக்கிறது. இங்கு ‘மலையுடைப்பு’ என்றோ, மலையாளச் சொல்லையே ஏற்றோ எழுதுவதில் இழுக்கில்லை.

உடையாமல் கெடுதல்

இந்தியாவின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021 மொழிபெயர்ப்பாளர்க்கு ஒரு புதிய சிக்கலைக் கொண்டுவந்துள்ளது. ‘டாம் ஃபெயிலியர்’ என்பதற்கு அச்சட்டம் தரும் விளக்கத்தில் அணையின் கட்டமைப்பு கெடுதல் மட்டுமன்றி, அணையின் இயக்கம் கெடுதலும் அடங்கும். தேக்கிய நீர் கட்டுப்பாடின்றி வெளியேறிக் கீழுள்ள மக்களின் உயிரையும் உடைமையையும் பாதிக்குமாயின், அணை ஒரு கல்லும் குலையாமல் நின்றாலும், சட்டத்தின் பார்வையில் அது கெட்டதே.

இதனை ‘அணை உடைப்பு’ என்று தமிழாக்கினால் சட்டத்தின் பாதி வெளியே நின்றுவிடும். 2015 திசம்பர் தொடக்கத்தில் சென்னை மூழ்கியபோது செம்பரம்பாக்கம் ஏரி உடைந்துவிட்டது என்னும் வதந்தி பரவியது. ஏரி உடையவில்லை, நீர் திறந்துவிடப்பட்டது. அதன் அளவும் நேரமும் பின்னர்ப் பெரும் விவாதத்துக்கு உள்ளாயின. இந்தியக் கணக்கு மற்றும் தணிக்கைத் தலைவரின் அறிக்கை அப்பேரிடரை மனிதர் விளைத்தது எனக் குறித்தது. ‘உடைந்தது’ என்ற வதந்தியை மறுத்தவர்கள் சொன்னது மெய். ஆனால் ‘உடையவில்லை’ என்னும் அம்மெய்யே, கேட்டவர் பலருக்கு ‘ஒன்றும் நேரவில்லை’ என்று ஒலித்தது. உடைதல் ஒன்றையே கேடாகக் கருதப் பழகிய சொல்வளத்தின் விளைவு இது.

‘அணைத் தோல்வி’ என்பது சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. அணை யாரோடும் பொருதவில்லை. ‘அணை முறிவு’ கட்டமைப்பை மட்டும் சுட்டும். மழை எதிர்பார்த்தபடி வராதபோது ‘பொய்த்தது’ என்று தமிழ் சொல்லும். நம்பியிருந்த ஒன்று நம்பிக்கையைக் காவாமற் போதலை இதைவிடச் செறிவாகக் கூறுதல் அரிது. எனினும் அணை பொய்த்தது என்றால் நீரின்றிப் போயிற்று என்றே உழவர் கொள்வர். ‘பிழைத்தல்’ என்பதற்குத் தவறுதல் என்னும் பழம்பொருள் உண்டு. ஆனால் இன்று அச்சொல் உயிர்தப்புதலைக் குறிப்பதால், வெள்ளத்தைப் பற்றிய நூலில் அதனை ஆள்வது கொடிய நகைச்சுவையாகிவிடும். சட்டத்தின் இரு கூறுகளையும் ஒரே சொல்லில் அடக்க முயலாமல், ‘அணைக் கேடு’ என்பதைப் பொதுச்சொல்லாகவும், ‘கட்டமைப்பு முறிவு’, ‘இயக்கத் தவறு’ என்பனவற்றை அதன் வகைகளாகவும் கொள்ளலாம் என்பது இக்கட்டுரையாளர் கருத்து. ‘தவறு’ என்னும் சொல் மிகக் கடுமையானது, அலுவலர் ஏற்கமாட்டார் என்று சிலர் கூறக்கூடும். சட்டமே இயக்கக் கையேட்டுக்கு மாறான, குறைபாடுள்ள இயக்கத்தை அவ்விளக்கத்துள் சேர்த்திருக்கையில் அதனை மென்மைப்படுத்தும் உரிமை மொழிபெயர்ப்பாளர்க்கு இல்லை. அவ்வாறே விசாரணை அறிக்கைகளில் ‘கதவு திறக்கவில்லை’ என்று வருமிடமெல்லாம், மூலத்தில் வினைமுதல் கதவா, ஆளா என்று நோக்கி, ஆளாயின் ‘கதவைத் திறக்கவில்லை’ என்று உருபை விரித்தும், கதவாயின் ‘கதவு திறந்துகொள்ளவில்லை’ என்று துணைவினை சேர்த்தும் எழுதுதல் வேண்டும். மூலமே மயங்கி நிற்குமாயின் அம்மயக்கத்தை அடிக்குறிப்பில் சுட்டுதல் தகும்.